ரேம் இருக்கிறது, கதவு எண்தான் இல்லை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கும் நண்பர் போன வாரம் கூப்பிட்டார். "ஏனுங்கண்ணா, 4 ஜிபி பத்தலைனு கோயமுத்தூர் போயி இன்னொரு 4 ஜிபி ரேம் வாங்கிப் போட்டனுங்க. மொத்தம் எட்டு. விண்டோஸ்ல பார்த்தா 8 ஜிபினு காட்டுது, பக்கத்துலயே 3.2தான் யூசபிள்னும் போட்டிருக்குது. கடைக்காரர் ஏமாத்திப் போட்டாருங்களா?"

கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று கேட்டேன். அதே கணினியில் அவருடைய மகன் படிப்புக்காக லினக்ஸும் போட்டு வைத்திருக்கிறான் அல்லவா, அதில் எவ்வளவு காட்டுகிறது? பையனை விட்டு டெர்மினலில் ஃப்ரீ கட்டளையை அடித்துப் பார்த்தார்கள். 7.7 ஜிபி.

பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிட்டது. கரும்பு ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டு ரகங்களை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே காட்டில், ஒரே தண்ணீர், ஒரே உரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நடுவார்கள். விளைச்சல் மாறினால் காரணம் ரகம்தான், மண் இல்லை. இரண்டு இயங்குதளம் போட்ட கணினியும் அப்படி ஒரு சோதனைக் காடு. அதே ரேம், அதே மதர்போர்டு. லினக்ஸ் முழுதாகப் பார்க்கிறது, விண்டோஸ் பார்க்கவில்லை என்றால் ரேம் நல்ல ரேம்தான், ஸ்லாட்டும் சரி. இரண்டிலுமே குறைந்திருந்தால்தான் போர்டையோ, கணினியை எழுப்பும் பயாஸ் என்ற அடிப்படை நிரலின் அமைப்பையோ சந்தேகப்பட வேண்டும்.

(7.7 ஏன், 8 ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு: போர்டிலேயே இருக்கும் கிராபிக்ஸ் தனக்கென்று கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளும், லினக்ஸின் மையப்பகுதியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.)

அடுத்த கேள்வி, விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா? நான் நினைத்தது போலவே 32. அங்கே பேக்கிங்கில் ஒரு பழைய லேபிள் பிரிண்டர் ஓடுகிறது. அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் 32 பிட்டுக்கு மட்டுமே எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸ் அப்படிப்பட்ட டிரைவரை ஏற்காது. அந்த ஒரு பிரிண்டருக்காக விண்டோஸ் 10-இன் 32 பிட் பதிப்பையே போட்டு வைத்திருக்கிறார்கள்.

நினைவகத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் கதவு எண் மாதிரி ஒரு முகவரி உண்டு. 32 பிட் என்றால் அந்த எண்ணை 0, 1 என்ற இலக்கங்கள் 32 கொண்டு எழுதுவது, அதாவது 2-இன் 32-ஆம் அடுக்கு, பள்ளிக் கணக்குதான். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள். ஒரு முகவரிக்கு ஒரு பைட் என்றால் 4 ஜிபி. அதற்கு மேல் எண் எழுத இடமில்லை. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 4 வர வேண்டிய இடத்தில் ஏன் 3.2? மீதி 0.8 எங்கே? எனக்குப் பிடித்த இடம் இதுதான், இங்கே கொஞ்ச நேரம் உட்காரலாம்.

அவிநாசி ரோட்டை ஒட்டி ஒரு லேஅவுட் போடுகிறார்கள் என்று வையுங்கள். வரைபடத்தில் ஒன்றிலிருந்து கடைசி வரை எண் ஓடும். ஆனால் எல்லா எண்ணிலும் வீடு வராது. பூங்காவுக்கு என்று ரிசர்வ் சைட் விட்டிருப்பார்கள், ஒரு மூலையில் டிரான்ஸ்பார்மர், இன்னொரு மூலையில் தண்ணீர்த் தொட்டி. எண் உண்டு, குடியிருக்க முடியாது. கணினியின் முகவரி வரிசையும் அப்படித்தான். முகவரி என்றாலே ரேம் என்று நாம் நினைக்கிறோம். பிராசஸருக்கு அந்த வேறுபாடே தெரியாது. "இந்த எண்ணுள்ள இடத்தில் இதை எழுது" என்று மட்டும் சொல்லும். அந்த எண்ணைப் பார்த்து, இது ரேமுக்குப் போக வேண்டியதா, கிராபிக்ஸ் கார்டுக்கா, நெட்வொர்க் கார்டுக்கா என்று பிரித்து அனுப்புவது நடுவில் இருக்கும் ஒரு சுற்று, தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவர் மாதிரி.

அதனால் கணினிக்குள் ஓர் அதிசயம் தினமும் நடக்கிறது. 1981-இல் ஐபிஎம் பிசி வந்த காலத்தில், வண்ணத்திரை கார்டு போட்ட கணினியில் 7,53,664 என்ற முகவரியில் 65 என்ற எண்ணை எழுதினால் போதும், திரையின் இடது மேல் மூலையில் ஆங்கிலத்தின் முதல் எழுத்து பளிச்சென்று வந்து நிற்கும். அச்சிடு, காட்டு என்ற எந்தக் கட்டளையும் தேவையில்லை. நினைவகத்தில் எழுதுவதாக பிராசஸர் நினைத்துக்கொண்டிருக்கும், எழுத்து திரையில் விழும். அந்த முகவரியில் குடியிருந்தது திரை கார்டின் சொந்த நினைவகம். நான் முதன்முதலாக இதைச் செய்து பார்த்தபோது அந்த ஒற்றை எழுத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கணினிக்கு மொத்தம் 1 எம்பி முகவரி. அதில் கீழே 640 கேபி ரேமுக்கு, மேலே 384 கேபி திரைக்கும் நிரந்தர நினைவகத்துக்கும் என்று பிரித்தார்கள். 640 கேபி தடை என்று பழையவர்கள் புலம்பியது அந்த ரிசர்வ் சைட்டைப் பற்றித்தான். வரிசை 4 ஜிபியாக வளர்ந்தபோதும் அதே வழக்கப்படி வரிசையின் மேல் முனையைக் கருவிகளுக்கு விட்டார்கள். அதற்கு இன்னொரு நல்ல காரணமும் உண்டு. 386 என்ற பிராசஸர் வந்த காலம் தொட்டு, பவர் வந்ததும் பிராசஸர் முதன்முதலாகத் தேடிப்போகும் முகவரி 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கிறது. அந்த நொடியில் ரேமில் எதுவும் இருக்காது. அங்கே பயாஸ் சிப்தான் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணினி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அதையடுத்துக் கீழே கிராபிக்ஸ், யுஎஸ்பி, ஒலி, நெட்வொர்க் என்று ஒவ்வொன்றும் இடம் பிடிக்க, நண்பரின் கணினியில் கிட்டத்தட்ட 0.8 ஜிபி எண்கள் போய்விட்டன.

சரி, அந்த எண்களில் இருந்திருக்க வேண்டிய ரேம்? வீணாகவில்லை. ரிசர்வ் சைட்டில் மனை போனவர்களுக்கு இரண்டாம் கட்டத்தில் மாற்று மனை கொடுப்பது போல, அந்த 0.8 ஜிபியைத் தூக்கி 4 ஜிபி எல்லைக்கு மேலே ஒட்டிவிடுவார்கள். பயாஸ் அமைப்பில் மெமரி ரீமேப் என்று சில போர்டுகளில் காணலாம். ஆக இவருக்கு எல்லைக்குக் கீழே 3.2, மேலே 4.8. இருப்பது 8 ஜிபி ரேம், எண்ணோ 8.8 வரை ஓடுகிறது. கணினி எழும்போது இந்த வரைபடம் இயங்குதளத்தின் கையில் தரப்படும். லினக்ஸின் தொடக்கப் பதிவுகளில் இ820 என்று தேடினால் எது குடியிருப்பு, எது ரிசர்வ் என்று வரிவரியாக இருக்கும். பத்திரப் பதிவுக்கு முன் வில்லங்கம் பார்க்கிற மாதிரி ஒரு சுகம் அதில்.

64 பிட் லினக்ஸ் எல்லைக்கு மேலேயும் போய்க் குடியேறியது. 32 பிட் விண்டோஸுக்கு 3.2-ஓடு ஊர் முடிந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. 32 பிட் என்றாலே 4 ஜிபிதான் என்பது வன்பொருளின் விதி இல்லை. 1995-இல் வந்த பென்டியம் புரோ பிராசஸரிலேயே 36 பிட் முகவரி இருந்தது, 64 ஜிபி வரை எட்டும். 32 பிட் லினக்ஸ் அதைப் பயன்படுத்திக்கொண்டது. விண்டோஸின் 32 பிட் சர்வர் பதிப்புகள் சிலவும் பயன்படுத்தின. சாதாரணப் பதிப்புகளில் மட்டும் 4 ஜிபியோடு கோடு கிழித்தார்கள். முகவரி 32 பிட்டைத் தாண்டாது என்று நம்பி எழுதப்பட்ட டிரைவர்கள் ஏராளம், அவை தடுமாறிக் கணினியையே கவிழ்த்தன. பழைய பிரிண்டர் டிரைவரைக் கட்டிக்கொண்டு அழுவது நம் பனியன் கம்பெனி மட்டுமில்லை.

இந்தத் தகவல்களை விட வேகமாகப் பரவுவது மந்திரங்கள். ரேமை எடுத்து அழிரப்பரால் துடைத்து மாட்டினால் எல்லாம் சரியாகும் என்பது ஒன்று. பொன்னிறக் கால்களில் படிந்த அழுக்கு தொடர்பைக் கெடுக்கும்போது அது உண்மையிலேயே வேலை செய்யும், பொய்யில்லை. ஆனால் லினக்ஸில் 7.7 தெரிகிற ரேமைத் துடைப்பது நல்ல கண்ணுக்கு மருந்து விடுவது. அதைவிட மோசம், விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் மேக்சிமம் மெமரி என்ற கட்டத்தில் டிக் போட்டால் வேகம் கூடும் என்று காணொளிக்குக் காணொளி சொல்வது. அந்தக் கட்டம் எல்லையைக் குறைப்பதற்கு, கூட்டுவதற்கு இல்லை. 64 பிட் விண்டோஸ் போட்டும் ரேம் குறைவாகக் காட்டினால் முதலில் அந்த டிக்கை எடுங்கள்.

2011-இல் தமிழ்நாட்டு அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது ஒரே பெட்டியில் விண்டோஸும் பாஸ் என்ற லினக்ஸ் வகையும் சேர்ந்தே வந்தன. மேலே சொன்ன சோதனைக் காடு, ஆயிரக்கணக்கான வீடுகளில்! நான் பார்த்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இடம் அடைக்கிறது என்று லினக்ஸை அழித்தார்கள். பெட்டி வாங்கச் செலவழித்ததில் ஒரு துளியை, அதைத் திறந்து காட்டிச் சொல்லித்தர ஆசிரியர்களுக்குச் செலவழித்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

நண்பருக்குச் சொன்னது இவ்வளவுதான். 32-இலிருந்து 64-க்கு நேராக ஏற முடியாது, விண்டோஸைப் புதிதாகவே நிறுவ வேண்டும், கோப்புகளை முதலில் வெளியே எடுத்து வையுங்கள். அதே பதிப்பென்றால் உரிமச் சாவி செல்லும். பழைய பயாஸ் முறையில் எழும் கணினி என்பதால், நிறுவி முடித்ததும் லினக்ஸைத் தேர்ந்தெடுக்கும் தொடக்கப் பட்டியல் காணாமல் போகும். பயப்பட வேண்டாம், லினக்ஸ் அழியவில்லை, பென்டிரைவில் லினக்ஸை எழுப்பி அந்தப் பட்டியலைக் காட்டும் க்ரப் நிரலைத் திரும்ப எழுதினால் வந்துவிடும்.

"அப்ப லேபிள் பிரிண்டருங்கண்ணா?"

பேக்கிங்கில் தூசி படிந்து கிடக்கும் 2 ஜிபி பழைய கணினிக்கு அதை மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதற்கு 32 பிட் தாராளம்.