மூடியதுபோல் தோன்றும் பெட்டி

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பல ஆண்டுகளுக்கு முன் அவற்றில் ஒரு வளைவில், ஜீப்பின் கூரைமேல் கட்டியிருந்த பெட்டி ஒன்று திறந்துகொண்டது. உள்ளே இருந்தவை தராசு சரிபார்க்கும் இரும்பு எடைக்கற்கள். ஐந்து கிலோ கல் ஒன்று சாலையில் விழுந்து உருண்டு, பின்னால் வந்த மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை ஒரு முழ இடைவெளியில் தவறவிட்டு, தடுப்புச் சுவரில் மோதி நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. அந்தப் பெட்டி என் பட்டறையில் செய்தது.

மறுநாள் காலை, தராசு பழுது பார்க்கும் அந்தத் தம்பி பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "அண்ணே, மூடித்தான் வைத்தேன். இரண்டு கொண்டியையும் போட்டுத்தான் ஏற்றினேன்" என்றார். அவர் சொன்னது உண்மை என்று பெட்டியைப் பார்த்ததுமே தெரிந்தது. கொண்டி உடையவில்லை. ரிவெட் ஒன்றுகூட ஆடவில்லை. வளையம் வளையவில்லை. ஏதாவது உடைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காரணம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். எதுவும் கெடாமல் பெட்டி திறந்திருக்கிறது என்றால் தவறு பொருளில் இல்லை, அமைப்பில் இருக்கிறது.

அவர் எப்படி அடுக்கினாரோ அப்படியே மீண்டும் அடுக்கச் சொன்னேன். கற்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கச் சாக்குத் துணியால் சுற்றி வைத்தார். ஒரு சாக்கின் ஓரம் பெட்டியின் விளிம்பில் மடிந்து கிடந்தது. மூடியைச் சாத்தினார். கொண்டியின் வளையத்தை மூடியிலிருந்த கொக்கியில் மாட்டி, நெம்புகோலைக் கீழே அழுத்தினார். மூடிவிட்டது. நான் பார்த்தபோதும் மூடியிருப்பதாகத்தான் தோன்றியது. பெட்டியின் பக்கவாட்டில் கைமுட்டியால் இரண்டு குத்து விட்டேன். இடது கொண்டி துள்ளித் திறந்தது.

கடையில் டாகிள் லாட்ச் என்று கேட்டால் தருகிற இந்த வகைக் கொண்டி எப்படி வேலை செய்கிறது என்பதை அறிய மோட்டார் சைக்கிளை நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பார்த்தால் போதும். வண்டியை இழுக்கும்போது ஓர் இடத்தில் அது மிக உயரமாக எழும்பும். அதைத் தாண்டியதும் சற்றே கீழிறங்கி உட்காரும். அதன்பின் வண்டியின் எடையே அதை ஸ்டாண்டில் நிறுத்திவைக்கிறது. அந்த உச்சத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் கையை விட்டால் வண்டி முன்னால் உருண்டுவிடும். கொண்டியிலும் அப்படியே. நெம்புகோல் சுழலும் ஆணி, அதிலுள்ள வளையம் சுழலும் ஆணி, மூடியில் இருக்கும் கொக்கி, இந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் கணத்தில் இழுவிசை உச்சத்தில் இருக்கும். நெம்புகோல் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால், வளையத்தின் இழுப்பே அதைப் பெட்டியின் உடலோடு சேர்த்து அழுத்தும். தாண்டாவிட்டால் அதே இழுப்பு அதை வெளியே தள்ளும். அன்றைக்கு மடிந்த சாக்கு மூடியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கி நிறுத்தியதால் நெம்புகோல் கோட்டைத் தாண்டவில்லை. ஆணியில் பிடித்திருந்த துருவின் உராய்வு மட்டும் அதை அங்கே நிறுத்தி வைத்திருந்தது. மேடுபள்ளத்தில் நாலு குலுக்கல், உராய்வு விட்டுவிட்டது.

இந்த நேர்கோடு, நெம்புகோல் பெட்டியைத் தொடுவதற்குச் சில பாகைகள் முன்னால்தான் வருகிறது. அதனால் தாண்டிய கொண்டிக்கும் தாண்டாத கொண்டிக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. திறந்து கிடக்கும் பெட்டியை யாரும் ஜீப்பில் ஏற்ற மாட்டார்கள். மூடியதுபோல் தோன்றுகிற பெட்டியை எல்லோரும் ஏற்றுவார்கள். பெட்டி செய்கிறவர்களிடமும் வாங்குகிறவர்களிடமும் நான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்: ஒரு கொண்டி எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அது பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை உங்களுக்குக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

அதற்கு நான் செய்வது மூன்று. நெம்புகோலுக்கு அடியில் பெட்டியின் உடலில் ஒரு சிவப்புப் பட்டை அடிக்கிறேன். நெம்புகோல் முழுமையாக உட்கார்ந்தால் பட்டை மறைந்துவிடும், அரைகுறையாக நின்றால் ஓரத்தில் சிவப்பு தெரியும். பின்சீட்டில் இருப்பவருக்கும் தெரியும். பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். அடுத்து, நெம்புகோலின் நுனியைப் பிடிக்க ஒரு சிறு ஸ்பிரிங் நாக்கு. அது மாட்டும்போது 'டிக்' என்று சத்தம் கேட்கும். விரலால் தள்ளினால் மட்டுமே விடும். இருட்டில் ஜீப்பில் சாமான் ஏற்றுகிறவருக்கு அந்தச் சத்தம்தான் சாட்சி. மூன்றாவது, நெம்புகோலிலும் அதன் அடித்தகட்டிலும் நேர்க்கு நேர் ஒரு துளை. கொண்டி சரியாக மூடினால்தான் இரண்டு துளைகளும் ஒன்றின்மேல் ஒன்று வரும். அப்போதுதான் ஊசியோ பூட்டோ நுழையும். பூட்டு நுழையவில்லை என்று கோபப்படும் வாடிக்கையாளரிடம், உள்ளே எதுவோ விளிம்பில் மாட்டியிருக்கிறது, திறந்து பாருங்கள் என்பேன்.

பூட்டைப் பற்றி ஒரு சொல். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது நல்ல பூட்டு. பூட்டு மனிதர்களைத் தடுப்பதற்கு. பாதை கொடுக்கும் குலுக்கலைத் தடுக்க வேண்டியது கொண்டி. மெல்லிய தகட்டுக் கொண்டியில் விலையுயர்ந்த பூட்டைத் தொங்கவிட்டால், குலுங்கும் பூட்டின் எடையே கொண்டியை அடித்து அடித்துத் தளர்த்தும். திருட்டுப் பயம் உள்ளவர்கள் பூட்டின் விலையை விட்டுவிட்டு, கொண்டியின் திருகாணித் தலைகள் வெளியே தெரிகின்றனவா என்று பார்க்கட்டும். தெரிந்தால் ஒரு திருப்புளி போதும், பூட்டைத் தொடவே வேண்டியதில்லை.

இனி பளுவைப் பற்றி. மூடுவது ஒரு வேலை, தூக்குவது இன்னொரு வேலை. கைப்பிடியை மூடியில் வைத்துவிட்டால், தூக்கும் ஒவ்வொரு முறையும் முழு எடையும் கொண்டியிலும் கீலிலும் தொங்கும். இருபது கிலோ பெட்டியை வெடுக்கென்று தூக்கும்போது அந்தக் கணத்தில் கொண்டிக்கு வருவது இருபது கிலோ அல்ல, அதன் இரண்டு மூன்று மடங்கு. ஆகவே கைப்பிடி உடல்பகுதியில் இருக்க வேண்டும். மூடியும் உடலும் சந்திக்கும் விளிம்பில் ஒன்றில் பள்ளமும் மற்றொன்றில் அதற்குள் உட்காரும் நாக்கும் இருக்க வேண்டும். பெட்டி பக்கவாட்டில் விழும்போது மூடி வழுக்கப் பார்க்கும். அந்த விசையை நாக்கும் பள்ளமும் வாங்கிக்கொண்டால் கொண்டிக்கு இழுத்துப் பிடிக்கும் வேலை மட்டும் மிஞ்சும். நடுவில் ஒற்றைக் கொண்டி வைப்பதை நான் விட்டுவிட்டேன். நடுவில் இறுக இறுக இரு முனைகளும் வாய் பிளக்கும். நீளத்தில் ஏறக்குறைய கால்வாசி இடத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெறும் ரிவெட் நிற்காது. உட்புறம் ஒரு இரும்புப் பட்டையோ அகலமான வாஷரோ கொடுத்து அதன்மேல் அடிக்க வேண்டும். இல்லையென்றால் கொண்டி நன்றாக இருக்கும், பலகை பிய்ந்து வரும்.

மலைக்கு மட்டுமே உரிய ஒரு சங்கதி உண்டு. கேமராவுக்காக ரப்பர் பட்டை வைத்துக் காற்றுப் புகாமல் செய்த பெட்டியைப் போடியில் மூடிக்கொண்டு மெட்டுக்கு ஏறுகிறீர்கள். ஏறக்குறைய 1,000 மீட்டர் உயர்கிறீர்கள். வெளிக்காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. உள்ளே இருப்பது போடியின் காற்று. 40 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மூடியை அது உள்ளிருந்து தள்ளும் விசை, கணக்குப் போட்டால் நூறு கிலோவைத் தாண்டும். அவ்வளவையும் இரண்டு கொண்டிகள் தாங்க வேண்டும். திரும்பி வரும்போது தலைகீழ்: மெட்டுக்கு அப்பால் மலைமேல் இருக்கும் பூப்பாறையில் மூடிய பெட்டியைக் கீழே வந்து திறக்க முயன்றால் மூடி ஒட்டிக்கொண்டு வராது. கல்யாண வீட்டில் புகைப்படம் எடுக்கும் ஒருவர் அப்படித் திருப்புளியை விளிம்பில் கொடுத்து நெம்பி ரப்பரைக் கிழித்துக்கொண்டு வந்தார். காற்றுப் புகாத பெட்டி வாங்கினால் அதில் அழுத்தத்தைச் சமப்படுத்தும் சிறு வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். திருகும் வகை வால்வு என்றால் திறப்பதற்கு முன் அதைத் தளர்த்துங்கள். ஐபி 67 என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். எல்லாக் கொண்டிகளும் முழுமையாக உட்கார்ந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

துரு. இங்கிருந்து கொச்சி, ஆலப்புழை என்று கடலோரம் போகிறவர்களுக்குச் சாதாரண 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பழுப்பு ஏறும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்காற்றை மேலும் தாங்கும். விலை கூடுதல், கொடுக்கலாம். பித்தளைத் திருகாணியை அலுமினியத் தகட்டில் ஏற்றாதீர்கள். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரண்டு உலோகங்களும் ஒரு சிறு மின்கலமாகிவிடும், அரித்துப் போவது அலுமினியம். திருகாணியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உள்ளே துளை பெரிதாகிக்கொண்டிருக்கிறது.

எடைக்கல் விழுந்த பிறகு, எந்தப் பெட்டியையும் சோதிக்காமல் நான் கொடுத்ததில்லை. மில்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்க ராணுவச் சோதனை விதிமுறை, கையில் தூக்கிப் போகும் பொருளை 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போடச் சொல்கிறது: 6 பக்கங்கள், 12 விளிம்புகள், 8 முனைகள். என் பட்டறையில் அவ்வளவு செய்வதில்லை. உரிய எடைக்கு மணல் மூட்டையை உள்ளே வைத்து, இடுப்பு உயரத்திலிருந்து எட்டு முனைகளிலும் போடுகிறேன். கொண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் முனை தரையில் படும்போதுதான் உண்மை வெளிவரும். அதன்பின் ஒரு நாள் ஜீப்பில் கட்டிவிடுகிறேன். அதிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய் மாலையில் திரும்புகிற வண்டி. கட்டுவதற்கு முன் நெம்புகோலுக்கும் பெட்டியின் உடலுக்கும் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்துவைப்பேன். சாயங்காலம் அந்தக் கோடு ஒரே கோடாக இருந்தால் கொண்டி அசையவில்லை. இரண்டாக விலகியிருந்தால் பெட்டி மீண்டும் மேசைக்கு வரும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பெட்டிக்கும் இதைச் செய்து பார்க்கலாம், ஒரு பென்சில்தான் செலவு.

கடைசியாக, பெரிய பெட்டிகள். மேளக் குழுக்களுக்கும் நாடகக் குழுக்களுக்கும் ஆள் உட்காரும் அளவுக்குப் பெட்டி செய்து தந்திருக்கிறேன். சாத்தினாலே தானாக மாட்டிக்கொள்ளும் கொண்டி வேண்டும், வசதியாக இருக்கும் என்று கேட்பார்கள். அந்த அளவுப் பெட்டிக்கு அதை நான் வைப்பதில்லை. எவ்வளவு வற்புறுத்தினாலும் வைப்பதில்லை. கண்ணாமூச்சி ஆடும் குழந்தைக்கு அதைவிட நல்ல ஒளிவிடம் கிடையாது, மூடி விழுந்து கொண்டி மாட்டிவிட்டால் உள்ளிருந்து திறக்க வழியும் கிடையாது. பழைய குளிர்சாதனப் பெட்டிகளில் குழந்தைகள் அப்படிச் சிக்கி மூச்சுமுட்டி இறந்ததால்தான், உள்ளிருந்தும் திறக்கும்படி கதவு அமைய வேண்டும் என்று அமெரிக்காவில் 1956-இல் சட்டமே வந்தது. இன்று நம் வீடுகளில் அந்தக் கதவு வெறும் காந்தப் பட்டையால் ஒட்டி நிற்கிறது, குழந்தை தள்ளினாலும் திறக்கிறது. பெரிய பெட்டிகளுக்கு நான் வெளியிலிருந்து கையால் மாட்டும் கொண்டிதான் வைக்கிறேன். மூடி தானாக விழாமல் தாங்கும் கம்பியும், இரு பக்கமும் காற்றுத் துளைகளும் வைக்கிறேன். பயன்படாத பழைய டிரங்குப் பெட்டியைத் திண்ணையிலோ மாட்டுத் தொழுவத்திலோ போட்டு வைத்திருக்கிறீர்கள் என்றால், அதன் கொண்டியை இன்றே கழற்றி எடுத்துவிடுங்கள். நாலு திருகாணி, பத்து நிமிட வேலை. துருப்பிடித்துத் திருகாணி வரவில்லை என்றால் உளியைத் திருகாணித் தலையின் விளிம்பில் வைத்து அடித்துத் தலையை வெட்டிவிடுங்கள், கொண்டி வந்துவிடும்.