கிளான்: குலமா, கிளையா, கூட்டாளியா?

குடியாத்தத்திலோ காட்பாடியிலோ பதினைந்து வயசுப் பையனிடம் "ராத்திரியெல்லாம் யார்கூடடா பேசிட்டிருக்க?" என்று கேட்டால், "நம்ம கிளான் பசங்க" என்று பதில் வரும். எந்த ஊர் பசங்க என்று கேட்டால் ஒருவன் மதுரை, இன்னொருவன் கொச்சி, மூன்றாமவன் எந்த ஊரென்று இவனுக்கே தெரியாது. பெற்றோருக்குப் பயம் தொடங்குவது இங்கேதான். சொல்லும் புரியவில்லை, ஆளும் தெரியவில்லை.

ஆன்லைன் விளையாட்டில் நிரந்தரமாகச் சேர்ந்து ஆடுகிறவர்களின் கூட்டம்தான் கிளான். ஸ்க்வாட் என்பது வேறு. ஒரு ஆட்டத்துக்கு நாலு பேர் சேர்வார்கள், ஆட்டம் முடிந்ததும் கலைந்துவிடுவார்கள். கிளான் அப்படிக் கலையாது. அதற்குப் பெயர் உண்டு, தலைவர் உண்டு, சேர விண்ணப்பம் போட வேண்டும், ஒழுங்காக வராதவரைத் தூக்கிவிடவும் முடியும். கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் ஒரு கிளானில் 50 பேர் வரை இருக்கலாம். பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயிலும் கிளான்தான். ஃப்ரீ ஃபயரில் இதற்குக் கில்ட் என்று பெயர். கில்ட் என்பது பழைய ஐரோப்பிய வணிகர், கைவினைஞர் சங்கங்களின் பெயர். நம் கல்வெட்டுகளில் வரும் மணிக்கிராமம், ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்களை அதற்குப் பக்கத்தில் வைக்கலாம். அது தனிக் கதை.

கிளான் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் பேசப்பட்ட கேலிக் மொழிச் சொல். அங்கே 'கிளான்' என்றால் பிள்ளைகள், சந்ததி. அதற்கும் முன்னால் போனால் லத்தீனின் 'பிளாண்டா', அதாவது தளிர். கேலிக்குக்குத் தாயான பழைய ஐரிஷ் மொழிக்கு அந்தக் காலத்தில் 'ப' ஒலி பழக்கமில்லாததால் அதைக் 'க' ஆக்கிக்கொண்டார்கள். பக்கத்து வெல்ஷ் மொழியில் 'பிளாண்ட்' என்றால் இன்றைக்கும் குழந்தைகள்தான். தளிர் பிள்ளையாகி, பிள்ளை வம்சமாகி, வம்சம் ஒரு தலைவனுக்குக் கீழ் போருக்குப் போகும் கூட்டமானது. 1746-ல் கல்லோடன் போரில் தோற்ற பிறகு அந்தக் கூட்டங்களின் பலம் போய்விட்டது. பெயர் மட்டும் நின்றது. 1996-ல் குவேக் என்ற விளையாட்டு வந்தபோது, இணையத்தில் அணி சேர்ந்து ஆடியவர்கள் தங்களைக் கிளான் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ரத்த உறவுக்கான சொல், முகம் பார்க்காதவர்களுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

தமிழில் என்ன சொல்வது? அகராதியைத் திறந்தால் 'குலம்' என்று இருக்கும். எனக்கு அது வேண்டாம். நம் ஊரில் "என்ன குலம்?" என்ற கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். கிளானில் சேர அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. மைக்கில் சாதியையும் மொழியையும் சொல்லித் திட்டுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள் என்பது உண்மை. அப்படியிருக்க, பெயரிலேயே அதை ஏன் ஒட்டவைக்க வேண்டும்?

'கிளை' பொருத்தமான சொல். மரத்தின் கிளையும் அதுதான், சுற்றமும் அதுதான். கேலிக் மொழிக்காரர்கள் தளிரிலிருந்து உறவுக்குப் போனார்கள் என்றால் நாம் கிளையிலிருந்து போனோம். உடனே "கிளையிலிருந்துதான் கிளான் வந்தது" என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி கிளம்பும், நம்பாதீர்கள். ஒலி ஒத்துப்போவது தற்செயல். சுவாரசியம் வேறு இடத்தில் இருக்கிறது. "கேட்டினும் உண்டோர் உறுதி கிளைஞரை நீட்டி அளப்பதோர் கோல்" என்ற குறள் (796) சுற்றந்தழால் அதிகாரத்தில் இல்லை, நட்பாராய்தலில் இருக்கிறது. அங்கே கிளைஞர் என்பது நண்பரைத்தான். கேடு வந்தாலும் அதில் ஒரு நன்மை உண்டு, நண்பரை அளக்க ஒரு கோல் கிடைக்கிறது என்கிறார் வள்ளுவர். ஆக, உறவுச் சொல்லை நட்புக்கு எடுத்துக்கொள்வது நமக்குப் புதிதில்லை.

அந்தக் கோலைக் கிளானுக்கு வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஸ்டைன்கூலர், வில்லியம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-ல் எழுதிய கட்டுரையில், இணைய விளையாட்டு வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் அப்பாற்பட்ட மூன்றாவது இடமாக, நம் டீக்கடை பெஞ்சைப் போல, இருக்கிறது என்றார்கள். வேறு வேறு பின்னணி ஆட்களோடு பழக அது நல்ல இடம், ஆழமான மனத்துணை பெரும்பாலும் அங்கே கிடைப்பதில்லை என்பதும் அவர்கள் கண்டதுதான். பெரும்பாலும் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் தசைச்சிதைவு நோயால் 2014-ல் இறந்தார். மகன் தனியாகவே வாழ்ந்து போய்விட்டான் என்று நினைத்திருந்த பெற்றோருக்கு, அவருடன் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடியவர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் குவிந்தன. சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிளானுக்குப் புள்ளி சேர்க்க வேண்டும், கிளானும் கிளானும் மோதும் 'கிளான் வார்' போட்டிக்கு வர வேண்டும், வராவிட்டால் வெளியே. ஆளை ஆட்டத்தில் பிடித்துவைக்க நட்பையே கொக்கியாக்கும் ஏற்பாடு இது. "நான் போனா டீம் தோத்துடும்மா" என்று பையன் சொல்வது எப்போதும் சாக்கு அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் விளையாட்டுக் கோளாறுக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கே கிடையாது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டு பெரிதாகிவிடுவது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது, இதெல்லாம் பொதுவாக ஒரு வருஷமாவது நீடிப்பது, அன்றாட வாழ்க்கையே குலைவது. பார்க்கச் சொல்வது இவற்றைத்தான். முகம் தெரியாத நண்பன் இருப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது, அக்டோபர் 30-ல் முழுவதும் நின்றது. பெரியவர்களுக்கு நிம்மதி. போன் நம்பர் வாங்கி வைக்காத பையன்களுக்கோ ஒரே நாளில் கூட்டாளிகள் காணாமல் போனார்கள். அதற்காக அழுதால் விளையாட்டுக்கு அழுகிறான் என்றுதான் வீட்டில் எடுத்துக்கொள்வார்கள்.

வேலூர் பாகாயத்தில் 1957-லிருந்து சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் தங்குவது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. கிளான் கூட்டாளி அப்படி வந்து தங்க முடியாது. ஆனால் "ரெண்டு நாளா இவன் பேச்சே சரியில்லையே" என்று முதலில் கவனிப்பவன் அவனாக இருக்கலாம். கவனித்தால் வீட்டில் ஒருவருக்குச் சொல்ல வைக்க வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

சரி, சொல்லுக்கு வருவோம். விளையாட்டைத் தமிழாக்குகிறவர்கள் கிளானுக்குக் கிளை என்றே போடலாம், கொஞ்ச நாளில் பழகிவிடும். வங்கிக் கிளை நினைவுக்கு வந்தால் 'ஆட்டக் கிளை' என்று போடட்டும். அதில் இருக்கும் ஆளுக்குக் கூட்டாளி. பேச்சில் 'நம்ம செட்டு' ஏற்கெனவே இருக்கிறது, ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் 'தோஸ்து'. கிளான் லீடரைக் கிளைத் தலைவர் என்றால் கட்சிப் பதவி போலத் தொனிக்கிறது, 'கூட்டாளித் தலை' பரவாயில்லை. கிளான் வாருக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. கிளைப்போர் என்றால் பங்காளிச் சண்டை மாதிரி இருக்கிறது.