கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நிதி திரட்டாதீர்கள்

பாடாலூர் தாண்டி ஒரு டீக்கடை வாசலில் ஒருவரைச் சைக்கிளிலிருந்து இறக்கி உட்கார வைத்தோம். குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்டும் பயணம் அது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஐந்து நாளில் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். அன்று இரண்டாம் நாள், விழுப்புரத்தில் கிளம்பித் திருச்சி போய்ச் சேர வேண்டும். நான் பின்னால் வரும் வண்டியில் டாக்டராக இருந்தேன். அவருக்கு 44 வயது, பேங்க் வேலை, ஆறு மாதமாகத்தான் சைக்கிள். தலைவலி, இரண்டு முறை வாந்தி, கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் தாமதமாகப் பதில். "போதும் சார், வண்டியில ஏறுங்க" என்றேன்.

"கிலோமீட்டருக்கு நூறு ரூபாய்னு எல்லாரும் சேர்ந்து தர்றதா ஒத்துக்கிட்டிருக்காங்க டாக்டர். இங்க நிறுத்தினா மிச்சப் பணம் வராது. அது பிள்ளைங்க பணம்."

இப்படிச் சொல்லிவிட்டு மறுபடி சைக்கிளைப் பிடிக்கப் போனார். நிற்கக்கூட முடியவில்லை.

மார்ச் மாதம், மதியம் இரண்டு மணி. சுற்றி நின்ற எல்லோரும் வெயில்தான் காரணம் என்றார்கள். கூட வந்த ஒரு பையன் "அண்ணா, தண்ணி குடிங்க" என்று பாட்டிலை வாயருகே கொண்டு போக, நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். சர்க்கரை பார்த்தேன், 112, சரியாகத்தான் இருந்தது. உடல் சூடு பார்த்தேன், பெரிதாக ஒன்றும் இல்லை. விரலில் மோதிரம் இறுகியிருந்தது, கைக்கடிகாரப் பட்டை தோலில் ஆழமாகப் பதிந்திருந்தது. விசாரித்தால், காலையிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு பாட்டில் வெறும் தண்ணீர் குடித்திருக்கிறார், தாகம் இல்லாதபோதும், "விடாம தண்ணி குடிங்க" என்று எல்லோரும் சொன்னதால். திருச்சியில் ரத்தம் எடுத்தபோது சோடியம், அதாவது ரத்தத்தில் இருக்கும் உப்பு, 124. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

வியர்வையில் உப்பும் போகும், தண்ணீரும் போகும். போனதைவிட அதிகமாக வெறும் தண்ணீரை ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும், செல்கள் வீங்கும், மூளையும் வீங்கும். அந்தப் பாட்டிலையும் குடித்திருந்தால் வலிப்பு வந்திருக்கலாம். 3 சதவீத உப்புக் கரைசலை நரம்பில் அளந்து ஏற்றினார்கள், மறுநாள் தெளிவாகப் பேசினார். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமும் நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களிடமும்தான் அது அதிகம். மெதுவாகப் போகிறவர்களுக்கு வழியில் குடிக்க நிறைய நேரம் இருக்கிறது, அதுதான் விஷயம். நிதிக்காக ஓட்ட வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் மெதுவாகப் போகிறவர்களே. பந்தயக்காரர் உடம்பு சரியில்லை என்றால் இறங்கிவிடுவார், அவருக்கு அடுத்த பந்தயம் இருக்கிறது. இவர்கள் இறங்க மாட்டார்கள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பின்னால் ஒரு குழந்தையின் முகத்தை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவரிடம் நிறுத்தச் சொன்னால் அவர் எப்படி நிறுத்துவார்?

அதனால்தான் ஏற்பாட்டாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பணத்தைக் கிலோமீட்டரோடு கட்டாதீர்கள். மொத்தத் தொகையாக, கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். அவர் 285 கிலோமீட்டர்தான் ஓட்டியிருந்தார். ஆனால் விஷயம் தெரிந்ததும் கொடுப்பதாகச் சொன்ன அத்தனை பேரும் 70,000 ரூபாயையும் முழுதாகக் கொடுத்துவிட்டார்கள். ஒருவர்கூடக் கணக்குப் பார்க்கவில்லை. இது முன்பே தெரிந்திருந்தால் அவர் வழியில் முன்னாடியே வந்த பெரம்பலூரிலேயே இறங்கியிருப்பார். அப்புறம், நன்கொடையாளர்களுக்கு வருமான வரிச் சலுகைக்கான ரசீது மார்ச் 31க்குள் வேண்டும் என்று பயணத்தை மார்ச்சில் வைக்கிறார்கள். ஜனவரியிலேயே ஓட்டி முடித்தாலும் அதே ரசீதுதான்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் விடுங்கள். வண்டியில் ஒரு எடை மெஷின் வைத்துக் காலையிலும் மாலையிலும் ஏறி நில்லுங்கள். ஓட்டி முடித்ததும் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். 2 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் போதவில்லை. ஓஆர்எஸ் நல்லதுதான், ஆனால் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், டெட்ரா பேக்கில் வரும் இனிப்புப் பானம் ஓஆர்எஸ் ஆகாது. இன்னொன்றும் உண்டு: ஓஆர்எஸ்ஸில் இருக்கும் சோடியம் ரத்தத்தில் இருப்பதில் கிட்டத்தட்டப் பாதிதான், அதனால் அதையும் குடம் குடமாகக் குடித்தால் இதே கதைதான்.

உடம்பு கொதிக்கிறது, பேச்சும் குழம்புகிறது என்றால் அது வெப்பத்தாக்கு. வியர்வை வருகிறதே என்று ஏமாற வேண்டாம், ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு வியர்த்தபடியேகூட அது வரும். 108க்கு ஒருவர் போன் செய்யட்டும், மற்றவர்கள் அந்த நிமிடமே உடம்பைக் குளிர்விக்க வேண்டும். பக்கத்துக் கடை ஐஸ்பெட்டி, மோட்டார் தண்ணீர், எது கிடைத்தாலும் சரி, உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கும் அரை மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். எந்தக் காரணமாக இருந்தாலும், குழம்பிப் பேசுகிறவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

காலையில் கிளம்பும்போதே வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் எல்லாம் வெயிலில் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சோடியத்தையும் இறக்கிவிடும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று அர்த்தம், அன்றே ஆஸ்பத்திரி. சுண்டுவிரல் மரத்துப்போனால் ஹேண்டில்பாரில் கையை மாற்றிப் பிடியுங்கள்.

அடுத்த வருடம் அந்தக் குழுவின் பதிவுப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: "வண்டியில் ஏறினாலும் நன்கொடை குறையாது." அந்தப் பயணத்தில் 11 பேர் வெவ்வேறு இடங்களில் அவர்களாகவே வந்து ஏறிக்கொண்டார்கள். திருச்சியில் யாருக்கும் ரத்தம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.