டென்ஸ்: "கரண்ட் வைக்கிற" கருவிக்குத் தமிழில் என்ன பெயர்?

மதுரையில் கழுத்துவலி, மூட்டுவலி என்று பிசியோதெரபிக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் "கரண்ட் வச்சாங்க" என்பார்கள். அப்படி வைக்கிற கருவிகளில் ஒன்றுதான் டென்ஸ். மாதவிடாய் வலிக்கும் இது உதவும் என்று சொன்னால் போதும், "வயசுப் பொண்ணுக்கு அடிவயித்துல கரண்டா?" என்று வீட்டுப் பெரியவர்கள் பதறிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பேரே பயமுறுத்துகிறது. சில இடங்களில் இதையே "மின்னதிர்ச்சி சிகிச்சை" என்று எழுதிவிடுகிறார்கள், அது தவறு, அந்தச் சிகிச்சை மனநல மருத்துவத்தில் உள்ள வேறொன்று.

டிரான்ஸ்கியூட்டேனியஸ் எலெக்ட்ரிகல் நெர்வ் ஸ்டிமுலேஷன் என்ற நீளப் பெயரின் முதலெழுத்துகள்தான் டென்ஸ். முதல் சொல் லத்தீனிலிருந்து வந்தது: டிரான்ஸ் என்றால் ஊடாக, கியூட்டிஸ் என்றால் தோல். அதாவது ஊசி கிடையாது, தோலின் மேல் ஒட்டும் பேட் மட்டும்தான்.

வலிக்கு மின்சாரம் என்பது பழைய யோசனை. முதல் நூற்றாண்டு ரோமாபுரி மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கு மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனை வைக்கச் சொல்லியிருக்கிறார்! ஆனால் இன்றைய கருவிக்கு அடிப்படை, ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு வலி ஆய்வாளர்கள் 1965-இல் வெளியிட்ட வாசல் கோட்பாடு. வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாசலைத் தாண்டித்தான் மூளைக்குப் போகிறது, தொடுவுணர்வைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகள் அந்த நேரம் வேலை செய்தால் வாசல் ஒடுங்கிவிடும் என்றார்கள். டென்ஸ் தூண்டுவது அந்தத் தடித்த இழைகளைத்தான், இடித்துக்கொண்ட முழங்காலை நாம் உடனே தேய்த்துவிடுவது போல.

மாதவிடாயின்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கருப்பையைச் சுருங்க வைக்கிறது, வலி அதனால் வருகிறது. இந்த வலிக்குத் தரும் மெஃபெனமிக் அமில மாத்திரை அந்தப் பொருள் உருவாவதையே குறைக்கும். டென்ஸ் அதைத் தொடுவதில்லை, செய்தியை மட்டும் மங்க வைக்கிறது, கருவியை நிறுத்தினால் வலி திரும்பலாம். இதைச் சொல்லாமல் விற்பது சரியில்லை.

சரி, தமிழில்? "தோல்வழி மின் நரம்புத் தூண்டல்" என்று வார்த்தைக்கு வார்த்தை வைத்தால், மின் நரம்பு என்று ஒரு நரம்பு இருப்பது போல ஆகிவிடும். "நரம்பு மின்தூண்டல்" என்றாலும் சிக்கல், இயற்பியல் பாடத்தில் மின்தூண்டல் வேறு பொருளில் வருகிறது. அதனால் "தோல்வழி நரம்புத் தூண்டல்" போதும் என்பேன், கருவிக்கு "நரம்புத் தூண்டி". மின்சாரத்தால் என்பதை விளக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம். வலிக்கு "சூதக வலி" என்று ஒரு பழைய பெயர் உண்டு, சூதகம் என்றாலே தீட்டு, ஆகவே அது வேண்டாம், "மாதவிடாய் வலி" நேராக இருக்கிறது.

பேட்களை அடிவயிற்றிலோ இடுப்பின் பின்புறமோ ஒட்டுவார்கள். பெரும்பாலும் நொடிக்கு 50 முதல் 120 துடிப்பு வைப்பது வழக்கம், குறுகுறுப்பு தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம், புண் உள்ள தோலில் ஒட்டக்கூடாது. அப்புறம், மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போனால் அது எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) போன்ற வேறு காரணமாகவும் இருக்கலாம், கருவி வாங்கும் முன் மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.