அம்மாவுக்கும் இப்படித்தான்

வகுப்பில் மயங்கி விழுந்த பிளஸ் டூ மாணவியை அவளுடைய அம்மா கூட்டி வந்திருந்தார். ஹீமோகுளோபின் 7.6. அந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது. "கீரையே தொடமாட்டா டாக்டர்" என்றார் அம்மா.

மாதவிடாய் எப்படி என்று கேட்டேன். "ஒன்பது நாள் போகும். முதல் மூணு நாள் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நாப்கின் மாத்தணும், கட்டிகட்டியாப் போகும்" என்றாள். எப்போதிலிருந்து? "வயசுக்கு வந்ததுலேர்ந்தே. அம்மாவுக்கும் இப்படித்தான்."

எத்தனையோ பெண்கள் என்னிடம் சொன்ன பதில் இது. வீட்டில் அது ஆறுதல். அம்மாவுக்கு இருந்தால் நமக்கும் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று பெண் வளர்ந்துவிடுகிறாள். மருத்துவருக்கோ அதுதான் முக்கியமான துப்பு.

1926-ல் பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட், ஆலந்து தீவுகளில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அந்த வீட்டுச் சிறுமி ஒருத்தி பதிமூன்று வயதில், நான்காவது மாதவிடாயின்போது ரத்தம் நிற்காமலே இறந்துபோனாள். ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் குறைவதால் வரும் பரம்பரை நோய் அது. இன்று அவர் பெயரிலேயே அழைக்கிறோம். அம்மா வழியாகவும் வரும், அப்பா வழியாகவும் வரும். ஆண்களுக்கும் உண்டு, ஆனால் மாதாமாதம் ரத்தம் போகும் பெண்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் சரியாகவே இருக்கும். தனியாகச் சோதித்தால்தான் பிடிபடும்.

அம்மாவிடம் திரும்பினேன். "உங்களுக்குப் பிரசவத்துல ரத்தம் ஏத்தினாங்களா?" ஏற்றியிருந்தார்கள், இரண்டு பாட்டில். கடைவாய்ப் பல் பிடுங்கியபோது விடிய விடிய ரத்தம் கசிந்ததாம். "இதையெல்லாம் யாரும் கேட்டதே இல்லை டாக்டர்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய அம்மாவும் அவரிடம் பொறுத்துக்கோ என்றுதானே சொல்லியிருப்பார்!

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எல்லோருக்கும் இந்த நோய் இல்லை, சாப்பாட்டுக் குறைதான் பெரும்பாலும். ஆனாலும் ஏழு நாளைத் தாண்டினால், ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நாப்கின் நனைந்தால், பெரிய கட்டிகளாகப் போனால், கீரையை மட்டும் குறை சொல்லாதீர்கள். அப்புறம், வயிற்றுவலிக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தப்போக்கு கூடிவிடும்.

பரிசோதனையில் இருவருக்கும் அந்த நோய் உறுதியானது. மாதவிடாய் நாட்களில் ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை, கூடவே இரும்புச்சத்து. நான்கு மாதத்தில் மகளுக்கு ஹீமோகுளோபின் 11.8 ஆகிவிட்டது. அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும்.

போன முறை மூன்றாவதாக ஒரு பெண்ணையும் கூட்டி வந்தார். தங்கை மகள், பதினோரு வயது, இன்னும் வயதுக்கு வரவில்லை. "இவளுக்கு இப்பவே பார்த்துடுங்க டாக்டர்" என்றார்.