மஞ்சள் மாத்திரையும் காளான் குழம்பும்

"மஞ்சள்தானே மேடம், தினமும் குழம்புல போடறதுதானே?" என்றார் அந்த அம்மா. இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர். பல் துலக்கினால் ஈறில் ரத்தம். ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 5-ஐத் தாண்டிவிட்டது, அது ஆபத்தான உயரம். கீரை வார்ஃபரினின் வேலையைப் பாதிக்கும் என்பதால், அதைச் சாப்பிடுவதில் ஏதாவது மாற்றமா என்று பார்க்கச் சொல்லி, இதய மருத்துவர் உணவியல் ஆலோசகரான என்னிடம் அனுப்பியிருந்தார். கீரை மாறவில்லை. பையிலிருந்து ஒரு டப்பா வந்தது: 'ஆன்டிஆக்ஸிடன்ட்' (செல்களை ஆக்ஸிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் பொருள்) என்று பெரிதாக அச்சிட்ட மஞ்சள் மாத்திரை.

கணக்குப் போட்டுக் காட்டினேன். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின்தான் இந்த மாத்திரையின் சரக்கு. மஞ்சள்தூளில் அது சுமார் 3 சதவீதம். நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு டீஸ்பூன் போட்டால் ஆளுக்கு இருபது மில்லிகிராம் சொச்சம். அவருடைய ஒரு மாத்திரையில் 475 மில்லிகிராம். கூடவே மிளகுச் சாறு வேறு. மிளகில் உள்ள பைப்பரின் குர்குமின் ரத்தத்தில் ஏறும் அளவை 20 மடங்கு கூட்டுவதாக 1998-இல் வெளியான பெங்களூரு ஆய்வு காட்டியது. விளம்பரத்தில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அதே பைப்பரின், கல்லீரல் மற்ற மருந்துகளைச் செரித்து வெளியேற்றும் வேலையையும் மந்தப்படுத்தக்கூடும் என்பதை யாரும் சொல்வதில்லை.

சரி, அந்த 'ஆன்டிஆக்ஸிடன்ட்' பட்டம் எப்படிக் கிடைக்கிறது? படிக்கும்போது நானும் கொய்யா இலையை வைத்து இந்தச் சோதனையைச் செய்திருக்கிறேன். டி.பி.பி.எச். என்ற ஊதா நிறக் கரைசலில் இலைச் சாற்றைச் சொட்டினால் ஊதா போய் மஞ்சளாகும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு மதிப்பெண். அன்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் விளையாட்டாக டீத்தண்ணியை விட்டுப் பார்த்தோம், அதுவும் பிரமாதமாக வெளுத்தது! சோதனைக் குழாய்க்குள் நடப்பதற்குக் குடலும் தெரியாது, கல்லீரலும் தெரியாது. உணவுகளுக்கு இப்படி மதிப்பெண் போட்டு வைத்திருந்த பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே 2012-இல் இணையத்திலிருந்து எடுத்துவிட்டது.

மனிதர்களிடம் சோதித்ததில் கிடைத்த பாடம் இன்னும் கசப்பு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வு 1994-இல் வெளியானது. கேரட்டில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்டான பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட் தின்றவர்களுக்கு அல்ல, மாத்திரை விழுங்கியவர்களுக்கு.

உணவிலேயே கிடைக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால், காளான் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு. எர்கோதயோனின் என்ற ஆன்டிஆக்ஸிடன்டை நம் உடலால் தயாரிக்க முடியாது, உணவில்தான் வர வேண்டும். ஆனால் அதை உள்ளே இழுத்துக்கொள்ளத் தனி வாசலே செல்களில் இருப்பதை 2005-இல் கண்டுபிடித்தார்கள். அதை அதிகம் தரும் உணவு காளான். மொட்டுக் காளானைவிடச் சிப்பிக் காளானில் கூடுதல். சூட்டுக்கு அழியாது, தண்ணீரில் கரையும். அதனால் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டாதீர்கள், குழம்பிலேயே விடுங்கள். இதற்காகக் காளான் பவுடர் டப்பா வாங்க வேண்டியதில்லை.

மழைக்குப் பின் காட்டில், தோப்பில் முளைப்பதைப் பறிக்கிறவர்களுக்கு ஒன்று: சில நச்சுக் காளான்களின் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது. வாந்தி, பேதி தொடங்கவே 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும், கல்லீரல் அதற்குப் பிறகுதான் படுக்கும். சந்தேகம் இருந்தால் சட்டியில் போடாதீர்கள்.

அந்த அம்மாவின் வார்ஃபரின் அளவை மருத்துவர் சரிசெய்தார், மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அடுத்த முறை வந்தபோது ஐ.என்.ஆர். பழைய அளவுக்கு இறங்கியிருந்தது. குழம்பில் மஞ்சள் வழக்கம்போலத்தான். பையைத் திறந்து, "இதையும் பார்த்துடுங்க மேடம்" என்று இன்னொரு டப்பாவை நீட்டினார். சீந்தில் மாத்திரை.