மகரந்தத்தைப் பச்சைத் தண்ணீரில் போடாதீர்கள்

போன மாதம் ஒருவர், ஏழாவது படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். கையில் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த நுண்ணோக்கி. பெட்டியில் 1200 மடங்கு என்று போட்டிருந்தது. "செம்பருத்தி மகரந்தம் வெறும் கறுப்பு உருண்டையாத்தான் தெரியுது சார். காசு வீணாப் போச்சா?" என்று கேட்டார்.

வீணாகவில்லை. செம்பருத்தியின் மகரந்தத்தூள் 100 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரியது. உற்றுப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே மஞ்சள் பொடியாகத் தெரியும். தடித்த சுவர், அதன் மேல் எண்ணெய்ப் பசை வேறு. கீழிருந்து வரும் வெளிச்சம் அதைத் தாண்டி மேலே வராததால்தான் கறுப்பாக நிற்கிறது. கீழ் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை மேலிருந்து சாய்வாகப் பிடிக்கச் சொன்னேன். இருப்பதிலேயே குறைந்த லென்ஸுக்கு மாற்றினேன். பையன் கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவே இல்லை. "பலாப்பழம் மாதிரி முள்ளு முள்ளா இருக்கு" என்றான்.

பெட்டியில் போட்டிருக்கும் 1200-ஐ நம்பி வாங்காதீர்கள் என்று பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நல்ல கண்ணாடி லென்ஸில், லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் எண்ணெய் விட்டுப் பார்த்தாலும், ஏறத்தாழ 0.2 மைக்ரானைவிட நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட ஒளியால் முடியாது. பிளாஸ்டிக் லென்ஸ் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகாது. உருவம் பெரிதாகும், கூடவே மங்கலும் பெரிதாகும்.

குறைந்த உருப்பெருக்கத்தில் பார்க்க வேண்டியவையே ஏராளம். எருக்கம்பூவை ஸ்டீரியோ நுண்ணோக்கியின் (இரு கண்ணாலும் முழுப் பொருளையே பார்க்க உதவும் குறைந்த உருப்பெருக்கக் கருவி) கீழ் வையுங்கள். நடுவில் இருக்கும் ஐந்து மூலை மேடையில், மூலைக்கு ஒன்றாகக் கருத்த புள்ளி போல ஒரு கொக்கி இருக்கும். அதை ஊசி முனையால் நெம்பித் தூக்கினால் இரண்டு மஞ்சள் பைகள் தொங்கிக்கொண்டு வரும். எருக்கில் மகரந்தம் தூளாக உதிர்வதில்லை. அந்தப் பைகளுக்குள்தான் மொத்தமும் அடைந்து கிடக்கிறது. பூவுக்கு வரும் தச்சு வண்டின் காலில் அந்தக் கொக்கி மாட்டிக்கொள்ள, பையோடு பறந்துபோகும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியைக் கெடுத்துவிடும். பூவைத் தொட்ட கையைக் கழுவாமல் லென்ஸில் கண் வைக்க நான் யாரையும் விடுவதில்லை.

"நெட்ல மட்டும் கலர் கலரா இருக்கே?" என்று அந்தப் பையன் கேட்டான். அவை பெரும்பாலும் ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் (ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையால் மேற்பரப்பைத் துழாவிப் படமெடுக்கும் கருவி) எடுத்த படங்கள். தூளை உலர்த்தி, அதன் மேல் மெல்லிய தங்கப் பூச்சு கொடுத்து, காற்றில்லாத அறைக்குள் வைத்து எடுப்பார்கள். வருவது சாம்பல் நிறப் படம்தான். வண்ணம் பிறகு கணினியில் ஏற்றியது. முள்ளின் வடிவம், மேற்பரப்பின் வலைப்பின்னல் இவற்றையெல்லாம் அதைப்போல வேறு எதுவும் காட்டாது. ஆனால் சரியாக உலர்த்தாவிட்டால் தூள் ஒடுங்கிப்போகும். ஒடுங்கிய குழியையே அந்தச் செடியின் அடையாளம் என்று மாணவர்கள் எழுதிவந்து நான் திருத்தியதுண்டு. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, எலக்ட்ரானைப் பொருளுக்குள் ஊடுருவவிட்டுப் படமெடுக்கும் டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். தூளை 0.1 மைக்ரானுக்கும் மெல்லிசாகச் சீவி அதில் வைத்தால், சுவரின் நடுவில் வரிசையாகத் தூண்கள் நிற்பது தெரியும்.

உயிரோடு இருக்கும் மகரந்தத்தைப் பார்க்கச் சாதாரணக் கூட்டு நுண்ணோக்கி போதும். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, அதோடு கேரம் போர்டுக்குப் போடும் போரிக் பவுடர் கடுகளவு (வாயில் படக் கூடாது). அதில் ஒரு சொட்டு எடுத்து, அன்று மலர்ந்த நித்தியகல்யாணியின் தூளைத் தூவி, ஸ்லைடு காயாமல் ஈரப் பஞ்சோடு மூடி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் தூளிலிருந்து குழாய் முளைத்து நீளத் தொடங்கிவிடும்.

சர்க்கரை இல்லாத பச்சைத் தண்ணீர் என்றால் கதையே வேறு. புல் மகரந்தத்தைப் போட்டுப் பாருங்கள்: வழவழப்பான உருண்டை, ஒற்றைக் கண் போல ஒரே துளை. தண்ணீர் உள்ளே ஏறி, தூள் உப்பி, அந்தத் துளை வழியே உள்ளிருப்பதெல்லாம் பீறிட்டு வெளியே வரும். ஆசிரியர்கள் பலர் தண்ணீரில்தான் ஸ்லைடு போடுகிறார்கள். பிள்ளைகள் வெடித்த கூட்டைப் பார்த்து வரைந்துகொண்டு போகிறார்கள்.

ஸ்லைடில் நடப்பது வானத்திலும் நடக்கும். 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இடியும் மழையுமாகப் புயல் அடித்தது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். ரை புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்து நுண்துகள்களாகச் சிதறியதே காரணம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். முழுத்தூள் பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். சிதறிய துகள் நுரையீரல் வரை போய்விடும். அதற்கு முன் ஆஸ்துமாவே வந்திராதவர்களும் அன்று பாதிக்கப்பட்டார்கள்.

அதனால் வகுப்பில் இளைப்பு உள்ள பிள்ளை இருந்தால், புல் கதிரை உதறும் வேலையை அவனிடம் கொடுக்காதீர்கள். நீங்களே வெளியில் வைத்து ஸ்லைடு மேல் தட்டி, மேலே கவர் ஸ்லிப் (மெல்லிய கண்ணாடி வில்லை) போட்டு, ஓரத்தைத் துடைத்த பிறகு உள்ளே கொண்டுவந்து அவனைப் பார்க்கச் சொல்லுங்கள்.